எண் இல்லாத கட்டை விறகுதான்: உள்ளூர் மர மரபைச் சேகரித்துப் பாதுகாத்து மக்களுக்குக் காட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெர்மனியின் காசெல் நகர அருங்காட்சியகத்தில் ஒரு விசித்திரமான நூலகம் இருக்கிறது. மொத்தம் 530 'புத்தகங்கள்'. அவற்றில் ஒரு தாள்கூடக் கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு மரத்தின் கட்டையால் செய்த பெட்டி. புத்தக முதுகு இருக்க வேண்டிய இடத்தில் அந்த மரத்தின் பட்டை. மூடியைத் திறந்தால் உள்ளே அதே மரத்தின் இலை, பூ, காய், விதை. கார்ல் ஷில்ட்பாக் என்பவர் 1771 முதல் 1799 வரை உட்கார்ந்து செய்தது இது. அவர் பேராசிரியர் அல்ல. அரண்மனை விலங்குத் தோட்டத்தை மேற்பார்த்து வந்த மனிதர். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பெட்டிகள் பாடம் நடத்துகின்றன. மரத்தையும் அதைப் பற்றிய செய்தியையும் அவர் ஒரே பெட்டியில் வைத்ததுதான் காரணம்.

மர மரபைப் பாதுகாக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். பழைய கதவு, செக்கு, படகுத் துண்டு என்று பொருளைச் சேர்ப்பார்கள், பாலிஷ் போடுவார்கள், விளக்கு மாட்டுவார்கள். இது என்ன மரம், எங்கே வளர்ந்தது, ஏன் இந்த வேலைக்கு இதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. மரம் நூறு வருடம் தாங்கும், அதைப் பற்றித் தெரிந்த மனிதர் அவ்வளவு காலம் இருக்க மாட்டார். அதனால் இந்த வழிகாட்டியில் முதல் வேலை மரத்தைத் தொடுவது அல்ல.

படி 1: எல்லையைச் சுருக்குங்கள்

மர மரபு என்றால் மூன்று சேர்ந்தது: மரத்தின் மாதிரிகள், அந்த மரத்தால் செய்த பொருட்கள், செய்யத் தெரிந்த அறிவு. மூன்றையும் முழுதாக எடுத்துக்கொள்ள யாராலும் முடியாது. ஒரு பகுதியில் புழங்கிய இருபது, முப்பது மரங்கள். அவற்றோடு தொடர்புள்ள பத்துப் பதினைந்து பொருட்கள். தொடங்க இது போதும். 'உலக மரங்கள்' என்று பலகை மாட்டுவதைவிட 'இந்த ஆற்றில் ஓடிய படகுகளின் மரங்கள்' என்று மாட்டினால் பார்க்க வருகிறவருக்கும் பிடி கிடைக்கும், சேகரிக்கிற உங்களுக்கும் எங்கே நிறுத்துவது என்று தெரியும்.

படி 2: முதலில் ஆட்களிடம் போங்கள்

வயதான தச்சர், மரம் அறுத்தவர், கடைசல் பிடித்தவர், படகு கட்டியவர், வண்டிச் சக்கரம் செய்தவர், மரவாடியில் கணக்குப் பார்த்தவர். இவர்களைத் தேடுவதில்தான் மொத்த நேரத்தில் பாதி போக வேண்டும்.

'மரத்தைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று ஒலிப்பதிவுக் கருவியை நீட்டினால் எவருக்கும் வாய் வராது. ஒரு கட்டையைக் கையில் கொடுங்கள். அவர் அதைத் திருப்பிப் பார்ப்பார், நகத்தால் கீறுவார், முகர்வார், எடை பார்ப்பார். அப்புறம் பேச்சு தானாக வரும். அந்த முதல் இரண்டு நிமிடம் கை என்ன செய்கிறது என்பதைக் கட்டாயம் படமெடுங்கள். அவர் மரத்தை அடையாளம் காண்கிற முறையே அதுதான், அதை அவரால் சொல்லில் விளக்க முடியாமல் போகலாம்.

கேட்க வேண்டியவை: இந்த மரத்தை எதற்கு எடுப்பீர்கள், எதற்கு எடுக்க மாட்டீர்கள்? எந்தப் பருவத்தில் வெட்டினால் நல்லது? வெட்டியபின் எவ்வளவு நாள் போட்டு வைப்பீர்கள், வெயிலிலா நிழலிலா தண்ணீரிலா? உளி எந்தப் பக்கம் ஓடும், எங்கே பிய்க்கும்? ஆணி தாங்குமா, பிளக்குமா? செல் அரிக்குமா? இந்த மரம் கிடைக்காதபோது எதை வைத்துச் சமாளித்தீர்கள்? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஒரு வட்டாரத்தில் எந்த மரம் எப்போது அருகிப்போனது என்கிற வரலாறு பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் கிடைக்கும்.

சொற்களை அவர் சொன்னபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். ஒரே மரத்துக்கு நான்கு பெயர் இருக்கும். ஒரே பெயரில் நான்கு மரம் இருக்கும். இரண்டும் பதிவாக வேண்டும். தமிழில் இந்தச் சொல்வளம் சாதாரணமானதல்ல. நடுவே இறுகிய பகுதிக்கு வைரம், காழ், சேகு. ஓரத்து மென்பகுதிக்கு வெளிறு. உள்ளே காழ் உள்ளதை மரம் என்றும் வெளியே காழ் உள்ளதைப் புல் என்றும் தொல்காப்பியத்தின் மரபியல் பிரித்துச் சொல்கிறது. பனையும் மூங்கிலும் புல் பக்கம் போகும். தாவரவியலும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது: இவை ஒருவித்திலைத் தாவரங்கள், இவற்றுக்கு ஆண்டு வளையம் கிடையாது. ஆகவே பனஞ்சட்டத்தையும் மூங்கிலையும் சேகரிப்பில் தனி வரிசையாக வையுங்கள். அந்த ஒரு பிரிப்பே ஒரு வகுப்புப் பாடம்.

பதிவை எங்கே, எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அவர் பெயர் காட்சியில் வர வேண்டுமா, வேண்டாமா என்பது அவர் விருப்பம்.

படி 3: மாதிரி சேகரிப்பு

இதற்காக ஒரு மரத்தையும் வெட்டாதீர்கள். காற்றில் சாய்ந்தது, சாலை அகலப்படுத்தும்போது வெட்டியது, கவாத்து செய்த கிளை, இடித்த வீட்டின் உத்திரம், பட்டறையில் கழித்த துண்டு என்று வந்து விழுவதே போதும் போதும் என்றாகும். ஒன்று மட்டும் கவனம். கிளை மரமும் அடிமரமும் ஒன்றுபோல இருக்காது. கிளையில் எடுத்தது என்றால் பதிவேட்டில் அப்படியே எழுதுங்கள்.

சில மரங்களைக் கையில் வைத்திருப்பதற்கே உள்நாட்டுச் சட்டத்தில் அனுமதி தேவைப்படலாம். வனத்துறையிடம் முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள். நாடு விட்டு நாடு மாதிரி அனுப்பினால், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை வரும். செம்மரம் அதன் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஈட்டி, சீசம் எல்லாம் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017-இல் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அதன் பிரேசில் ரோஸ்வுட் 1992 முதலே மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது.

நின்ற மரத்திலிருந்து துண்டு கிடைத்தால், அதே மரத்தின் இலை, பூ, காய் ஆகியவற்றையும் எடுத்துத் தாளுக்கிடையே அழுத்திக் காயவைத்து ஒட்டி வையுங்கள். மரத்தின் அடையாளத்துக்கு அதுதான் சாட்சி. மரவாடியில் சொன்ன பெயரை மட்டும் நம்பி எழுதினால் பாதி தப்பாகத்தான் போகும், வியாபாரப் பெயர்கள் அப்படி.

பழைய உத்திரத்துக்கு இலை எங்கே போவது? அங்கே குறுக்குவெட்டுதான் பேச வேண்டும். கட்டையின் முனையில் ஒரு சிறு இடத்தைப் புதுப் பிளேடால் ஒரே இழுப்பில் மழமழவென்று சீவுங்கள். உப்புத்தாள் போட்டால் நுண்துளைகள் தூசியால் அடைத்துக்கொள்ளும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸை வைத்துப் பாருங்கள். துளைகள் பெரிதா சிறிதா, வளையமாகக் கூடியிருக்கின்றனவா பரவலாகச் சிதறியிருக்கின்றனவா, ஒவ்வொரு துளையையும் சுற்றி வெளிர்நிற வளையம் இருக்கிறதா, மையத்திலிருந்து ஓடும் கதிர்கள் எவ்வளவு அகலம். மர உடற்கூறியலாளர்களின் பன்னாட்டுச் சங்கம் 1989-இல் அகன்ற இலை மரங்களுக்கு வெளியிட்ட பட்டியலில் இப்படி 163 கூறுகள் எண்ணிட்டு இருக்கின்றன. நமக்கு ஏழெட்டுத் தெரிந்தாலே பேரினம் வரை நெருங்கிவிடலாம். இனம் வரை உறுதியாகச் சொல்ல முடியாதபோது பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தப்பான முழுப்பெயரைவிடச் சரியான அரைப்பெயர் மேல்.

படி 4: அறுப்பதும் காயவைப்பதும்

1947-இல் தொடங்கிய பன்னாட்டு மரச் சேகரிப்பாளர் சங்கம் ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், அரை அங்குலக் கனம் என்று ஓர் அளவு வைத்திருக்கிறது. அதையே பின்பற்றினால் நாளை மற்றவர்களோடு மாதிரி மாற்றிக்கொள்ளலாம். முடிந்தால் வைரமும் வெளிறும் ஒரே துண்டில் தெரியுமாறு அறுங்கள். அதோடு ஒரு சிறு கனசதுரத் துண்டும் வேண்டும். குறுக்குவெட்டு, ஆரவெட்டு (மையத்திலிருந்து வெளிநோக்கி நீளவாக்கில் அறுத்தது), தொடுவெட்டு (வளையத்தைத் தொட்டாற்போல் நீளவாக்கில் அறுத்தது) மூன்றும் மூன்று முகத்தில் தெரியும். ஒரே மரம் மூன்று முகம் காட்டும் என்பது பலருக்கு அங்கேதான் புரியும்.

காட்சிக்கு எல்லோரும் ஆசைப்படுவது வட்டத் தட்டு. அது வெடிக்கும், நிச்சயம் வெடிக்கும். மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீளவாக்கில் சுருக்கம் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். இந்தச் சண்டையில் தட்டு எங்காவது பிளந்துதான் தீரும். அதனால் நீங்களே ஒரு பக்கம் விளிம்பிலிருந்து மையம்வரை ரம்பத்தால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், பிளவு அங்கே திறந்துகொள்ளும். இல்லையென்றால் முழு வட்டத்துக்குப் பதில் கேக் துண்டு மாதிரி ஓர் ஆப்பு எடுங்கள். வளையமும் தெரியும், இடமும் மிச்சம்.

பச்சை மரத்தின் இரு முனைகளிலும் மெழுகோ கெட்டிச் சாயமோ பூசி, நிழலில், காற்றோட்டமாக, இடையிடையே குச்சி வைத்து அடுக்குங்கள். ஓர் அங்குலப் பலகைக்கு ஒரு வருடம் என்பது பட்டறைக் கணக்கு, மரத்தையும் தட்பவெப்பத்தையும் பொறுத்துக் கூடும் குறையும். நம்பகமான வழி தராசு. வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதுங்கள், எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது.

நான் முதலில் சேர்த்த இருபத்து மூன்று துண்டுகளுக்கும் அழகாக இருக்கட்டும் என்று வார்னிஷ் அடித்தேன். ஒரு மாதம் கழித்துப் பார்வை குறைந்த ஒரு பெரியவர் வந்து எடுத்து முகர்ந்துவிட்டு, 'எல்லாமே ஒரே மரமாத்தான் இருக்கு' என்றார். மணம், தொடுஉணர்வு, நிறம் மூன்றையும் நானே மூடிவிட்டிருந்தேன். இப்போது ஒரு முகத்தில் பாதிக்கு மட்டும் எண்ணெய் பூசுகிறேன், மீதி எல்லாம் வெறும் மரம்.

படி 5: எண்ணும் பதிவேடும்

சேகரிப்பின் உயிர் இங்கேதான். துண்டு உள்ளே வந்த அன்றே எண் கொடுத்துவிட வேண்டும், 'அப்புறம் எழுதிக்கொள்ளலாம்' என்று வைத்த துண்டு அடுத்த மழைக்காலத்தில் அநாதையாகிவிடும். வருடமும் வரிசை எண்ணும் சேர்ந்த எளிய எண் போதும். எடுத்துக்காட்டு: 2025-014. மாதிரித் துண்டின் மேல் நேரடியாகவே அழியாத மையால் எழுதலாம். பழைய பொருள் என்றால் அப்படிச் செய்யக் கூடாது. கண்ணில் படாத ஓர் ஓரத்தில் பாராலாய்ட் பி-72 போன்ற, பின்னால் கரைத்து எடுக்கக்கூடிய பூச்சை மெல்லிய பட்டையாகப் பூசி, காய்ந்தபின் அதன்மேல் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. பசைத்தாள் ஒட்டாதீர்கள். தாள் உதிரும், பசை கறையாக நிற்கும்.

பதிவேட்டில்: எண், வட்டாரப் பெயர்கள் (யார் சொன்னது என்பதோடு), தாவரவியல் பெயர், அடையாளம் கண்டது எப்படி, கிடைத்த இடம், தேதி, அடிமரமா கிளையா, யார் கொடுத்தது, அனுமதிக் கடிதம், பயன், ஒலிப்பதிவின் எண், வந்தபோது இருந்த நிலை, புகைப்படம். ஒரு பிரதி கணினியில், ஒரு பிரதி கெட்டித் தாளில், இன்னொரு பிரதி வேறு கட்டடத்தில்.

படி 6: பழைய பொருட்களைக் கையாள்வது

கதவு, ஏர், தறி, உரல், தூண் எதுவாக இருந்தாலும் வந்தவுடன் சுத்தம் செய்யத் துடிக்கும் கையைக் கட்டிப்போடுங்கள். கரி படிந்திருந்தால் அது அடுப்படியில் இருந்ததற்குச் சாட்சி. வாய்ச்சியின் செதுக்கு வரி, இழைப்புளியின் அலை, ரம்பத்தின் தடம் எல்லாம் எந்தக் கருவியால் செய்தார்கள் என்று சொல்லும். கைப்பிடி தேய்ந்த இடத்தை வைத்து, பிடித்தவர் வலக்கையா இடக்கையா என்றுகூடச் சொல்லலாம். உப்புத்தாள் ஒருமுறை ஓடினால் இவ்வளவும் போச்சு. மென்மயிர்த் தூரிகையால் தூசி தட்டுங்கள், அத்தோடு நிறுத்துங்கள். ஆளிவிதை எண்ணெய் பூசினால் மரம் பிழைக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நாளாக ஆக அது கறுக்கும், தூசியைப் பிடிக்கும், திரும்ப எடுக்கவும் வராது.

பழுதுபார்த்தே ஆக வேண்டும் என்றால், நினைவுச் சின்னங்களின் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பான இகோமாஸ் மரக் கட்டடங்களுக்காக 1999-இல் ஏற்று, 2017-இல் விரிவாக்கிய நெறிகள் நல்ல வழித்துணை. சாரம் இதுதான்: முடிந்த அளவு குறைவாகக் கை வை; கெட்டுப்போன பகுதியை மட்டும் மாற்று; அதே இன மரம், அதே தரம், அதே வகைப் பொருத்து; புதிதாகச் சேர்த்த துண்டில் அடையாளம் இடு.

எதைக் காப்பது, பொருளையா வித்தையையா? ஜப்பானில் இதற்கு இரண்டு பதிலும் இருக்கிறது. ஹோர்யூஜி கோயிலின் ஐந்தடுக்குக் கோபுரத்தின் நடுத்தூண் 594-இல் வெட்டிய மரம் என்று ஆண்டு வளைய ஆய்வு காட்டியது. மூலப் பொருளைத் தலைமுறை தலைமுறையாகப் பழுதுபார்த்துக் காத்திருக்கிறார்கள். ஈசே கோயிலிலோ இருபது ஆண்டுக்கு ஒருமுறை அதே வடிவத்தில் புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக 2013-இல் கட்டினார்கள். அங்கே மரம் புதிது, தச்சுக் கைதான் பழையது. மரபுப் பாதுகாப்பு நிபுணர்கள் 1994-இல் ஜப்பானின் நாரா நகரில் கூடி எழுதிய நாரா ஆவணம், உண்மைத்தன்மையை ஒவ்வொரு பண்பாட்டின் கண்ணோட்டத்திலும் பார்க்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டது. சிறிய சேகரிப்புக்கு என் யோசனை: பழைய பொருளைத் தொடாமல் வையுங்கள், அதற்குப் பக்கத்தில் ஒரு தச்சரைக் கொண்டு அதே பொருத்தைப் புதிதாகச் செய்ய வைத்து, செய்வதைப் படமெடுங்கள். கழற்றி மாட்டிப் பார்க்கிற மாதிரி அந்தப் புதுப் பொருத்தைப் பார்வையாளரிடம் கொடுத்துவிடலாம்.

நீருக்கடியிலோ சேற்றிலோ கிடைத்த மரம் முற்றிலும் வேறு கதை. காயவிட்டால் உருக்குலைந்துவிடும். ஈரமாகவே, இருட்டில், மூடிய தொட்டியில் வைத்துவிட்டு நிபுணரைத் தேடுங்கள். 1628-இல் மூழ்கி 1961-இல் மேலே வந்த ஸ்வீடனின் வாசா கப்பலுக்கு, மரத்துக்குள் நீரின் இடத்தைப் பிடித்து அது சுருங்காமல் காக்கும் பாலிஎத்திலீன் கிளைகால் தெளிக்கவே 17 ஆண்டுகள் பிடித்தன.

படி 7: எதிரிகள்

ஈரம்தான் முதல் எதிரி. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மரத்தை அழுகவைக்கும் பூஞ்சைக்கு வழியில்லை. ஊசி குத்திப் பார்க்கும் ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், ஆனால் பழம்பொருளில் குத்தாதீர்கள். அறையில் காற்றின் ஈரப்பதம் 45-இலிருந்து 60 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. அதைவிட முக்கியம் அது திடீரென்று ஏறி இறங்காமல் இருப்பது. பகலில் மட்டும் குளிர்சாதனத்தை ஓட்டி இரவில் அணைப்பது, ஒன்றும் ஓட்டாமல் இருப்பதைவிட மோசம்.

பூச்சிக்கு மருந்தடிப்பதைவிடக் கண் திறந்திருப்பது மேல். புதிதாக வந்த எதையும் நேராக உள்ளே வைக்காமல், பாலித்தீனில் சுற்றிச் சில வாரம் தனியே வையுங்கள். அடியில் கறுப்புத் தாள் விரித்தால் உளுப்பொடி விழுகிறதா என்று தெரிந்துவிடும். மாவு போன்ற நைசான பொடி என்றால் வெளிறைத் தின்னும் பொடிவண்டு, மணிமணியாக இருந்தால் உலர்மரக் கரையான். சிறு பொருளைக் காற்றுப் புகாமல் சுற்றி, வீட்டு உறைபெட்டியின் மைனஸ் 18, 20 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சி சாகும். வெளியே எடுத்தபின் ஒரு நாள் சுற்றிய உறையோடே விட்டுவிடுங்கள், இல்லையென்றால் நீர் படியும். வண்ணம் தீட்டியது, வேறு பொருள் பதித்து அலங்கரித்தது எதையும் இப்படி உறைய வைக்காதீர்கள்.

இன்னொன்று. பழைய சேகரிப்பிலிருந்து வந்த பொருளில் டிடிடி, ஆர்சனிக் போன்ற பூச்சிக்கொல்லி நஞ்சுகள் முன்பே பூசியிருக்கக்கூடும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது.

படி 8: இரண்டு தொகுதி, ஒன்று தொடுவதற்கு

ஒவ்வொரு மாதிரியிலும் இரண்டு துண்டு. ஒன்று பெட்டிக்குள் சான்றாக இருக்கும், மற்றது கைகளில் புழங்கித் தேய்ந்து தீரும். தீர்ந்தால் இன்னொன்று அறுத்துக்கொள்ளலாம். 'தொடாதீர்கள்' என்று எழுதிய மரக் கண்காட்சியில் எனக்கு நம்பிக்கை இல்லை.

குழந்தைகளுக்கு முதலில் எடை. ஒரே அளவில் இலவும் கருங்காலியும் கொடுத்தால் முகம் மாறுவதைப் பார்க்கலாம். அப்புறம் தண்ணீர்த் தொட்டி. கட்டை எவ்வளவு பங்கு மூழ்குகிறதோ அதுதான் ஏறக்குறைய நீரோடு ஒப்பிட்ட அதன் அடர்த்தி. மிக லேசான பால்சா மரம் மேலாகவே மிதக்கும். அடர்த்தி ஒன்றைத் தாண்டிய லிக்னம் விடே என்கிற மிகக் கனமான மரம் மூழ்கும், கருங்காலித் துண்டும் அடர்த்தி ஒன்றைத் தாண்டியிருந்தால் மூழ்கும். தட்டிக் கேட்பது, கண்ணைக் கட்டி முகர்வது, குறுக்குவெட்டை லென்ஸில் பார்த்து வரைவது. பார்வையற்றோருக்கு இந்தத் தொகுதி தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியதே இல்லை, அவர்கள்தான் நன்றாகக் கண்டுபிடிப்பார்கள்.

வளையம் எண்ணி வயது சொல்லும் விளையாட்டில் கவனம் வேண்டும். குளிர்நாட்டு மரத்துக்கு அது சரி. வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் தெளிவான ஆண்டு வளையமே கிடையாது. தேக்கு நல்ல விதிவிலக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்து 'ஏன் இதில் எண்ண முடியவில்லை?' என்று கேளுங்கள்.

மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே வகைப்படுத்திவிட்டது. அறுப்பது, தேய்ப்பது எதையும் பார்வையாளர் நடுவில் செய்யாதீர்கள். கை உளி வேலை பரவாயில்லை.

விளக்கப் பலகையில் ஐம்பது சொல்லுக்கு மேல் வேண்டாம். தாவரவியல் பெயர் சிறிய எழுத்தில் கீழே போகட்டும். மேலே தச்சர் சொன்ன வாக்கியம் வரட்டும், அவர் சொன்னபடியே, எழுத்துத் தமிழாக்காமல்.

படி 9: நீங்கள் இல்லாதபோது

சாவி யாரிடம், பதிவேடு எங்கே, வருடத்துக்கு ஒருமுறை யார் பெட்டியைத் திறந்து பூச்சி பார்ப்பது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மாதிரிகளில் மூன்றாவது துண்டு ஒன்று எடுக்க முடிந்தால், ஏற்கெனவே நடந்துவரும் பெரிய மரச் சேகரிப்பு ஒன்றுக்கு அனுப்புங்கள். ஒரு லட்சத்துக்கு மேல் மாதிரி வைத்திருக்கும் அமெரிக்காவின் மாடிசன் நகர வனப்பொருள் ஆய்வகம்கூட இப்படிப் பல கைகளிலிருந்து சேர்ந்ததுதான். உங்கள் கட்டடத்தில் கரையான் ஏறினாலும் அங்கே ஒரு சான்று இருக்கும்.

இடம் இருந்தால் வாசலில் அதே மரங்களின் கன்றுகளை நடுங்கள். உள்ளே இருக்கும் துண்டின் எண்ணையே கன்றின் தகட்டிலும் எழுதுங்கள். வெளியே 2025-014 இலை விட்டிருக்கும்போது, உள்ளே 2025-014-ஐ எடுத்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.